6,500 ரூபாய்க்கு சவுண்ட் ஏற்றப் போய் நான் ஏமாந்த விதம்

கடலூர், பாண்டி பக்கம் யாராவது கார் சைலன்சரை மாற்றி சவுண்ட் ஏற்றலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தால், கடைக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. என்னிடம் பில் கிடையாது. பில் கேட்காமல் விட்டது என் முதல் தப்பு, அதைப் பிறகு சொல்கிறேன்.

என்னுடையது 2018 ஸ்விஃப்ட், 1.2 லிட்டர் பெட்ரோல், பிஎஸ்4 (பாரத் ஸ்டேஜ் 4 புகை விதிக்கு உட்பட்டது). செகண்ட் ஹேண்டில் வாங்கியது, ஒரு குறையும் இல்லாத வண்டி. குறை எனக்குத்தான். என் மச்சான் புதிதாக மாட்டிய சைலன்சரோடு மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு அடித்துக் காட்டினான். அன்றிலிருந்து என் வண்டியின் சத்தம் தையல் மெஷின் மாதிரி கேட்க ஆரம்பித்தது. அவனுடையது பிராண்டட் செட். விலையைக் கேட்டதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். குறைந்த செலவில் யார் செய்கிறார்கள் என்று தேடியபோது பாண்டியில் ஒரு கடையின் வீடியோக்கள் கண்ணில் பட்டன. பெட்ரோல் போடவே பாண்டி எல்லையில் இருக்கிற முள்ளோடையைத் தாண்டிப் போகிற ஊர் நம்முடையது. சைலன்சருக்குப் போக யோசிப்பேனா?

கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். வாய் நிறைய ப்ரோ. "6,500ல முடிச்சிடலாம் ப்ரோ. 304 எஸ்எஸ் பைப், டிக் வெல்டிங், பத்து வருஷம் ஆனாலும் துருவே பிடிக்காது. பிக்கப்பும் கூடும்." (எஸ்எஸ் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 304 அதில் ஒரு ரகம்.) காலை பத்து மணிக்கு வண்டியை விட்டேன். "இங்க நின்னா புகை, தூசி. பீச்சுக்குப் போய்ட்டு வாங்க ப்ரோ, நாலு மணிக்குக் கூப்பிடறேன்" என்றார். போனேன். காந்தி சிலை பக்கம் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்த அந்த ஆறு மணி நேரத்தில்தான் எல்லாம் நடந்திருக்கிறது.

திரும்பி வந்தபோது வண்டி உறுமியது, உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதைவிட என்னைக் கவிழ்த்தது இன்னொரு விஷயம். கழற்றிய பழைய சைலன்சரையும் நடுவில் இருந்த ரெசனேட்டரையும் துடைத்து டிக்கியில் வைத்திருந்தார். "உங்க பொருள் ப்ரோ, நாங்க ஒரு போல்ட்டு கூட எடுக்க மாட்டோம்." எவ்வளவு நேர்மையான ஆள் என்று வீட்டில் வந்து சொன்னேன். பில்லும் கேட்கவில்லை. ஜிபேயில் 6,500 போட்டுவிட்டு, தவளக்குப்பம் வரை கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டே வந்தேன்.

மூன்று நாள்தான் அந்தச் சந்தோஷம். நாலாவது நாள் குடும்பத்தோடு சிதம்பரம் போனோம். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தாவது கியரில் போகும்போது வண்டிக்குள் ஒரு 'ம்ம்ம்' சத்தம், காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. 2,400 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 2,400 சுற்றில், விநாடிக்கு 80 வெடிப்பு. காரின் உட்புறம் ஒரு மூடிய பெட்டி, அந்தத் தாழ்ந்த ஒலி அதற்குள் மாட்டிக்கொண்டு அதிரும். அந்த மாதிரி குறிப்பிட்ட ஒலியை அடக்கத்தான் கம்பெனிக்காரன் நடுவில் ரெசனேட்டர் என்று ஒன்றை வைக்கிறான். நான் அதை டிக்கியில் வைத்துக்கொண்டு ஊர்வலம் போய்க்கொண்டிருந்தேன்.

சத்தத்தைக்கூட சகித்துக்கொள்ளலாம். போகும்போதே பின் சீட்டில் மகள் தலைவலி என்றாள், வரும்போது என் மனைவியும் சொன்னாள். வண்டிக்குள் கண்ணை எரிக்கிற ஒரு நெடி. ஏசி வாடை என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரமே டேஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிய ஆரம்பித்தது.

மறுபடி பாண்டிக்கு ஓடினேன். "சவுண்ட் ஏத்தினா சென்சார் கொஞ்சம் குழம்பும் ப்ரோ, எல்லா வண்டிக்கும் வர்றதுதான்" என்று சொல்லி, புகைக் குழாயில் பின்னால் இருக்கிற ஆக்ஸிஜன் சென்சாருக்கு அடியில், அதைப் புகையிலிருந்து கொஞ்சம் தள்ளி வைக்கிற மாதிரி சின்னதாக ஒரு ஸ்பேசர் மாட்டி 800 வாங்கினார். வேலை நடக்கும்போது கடைப் பையன் வண்டியை ரேஸ் பண்ணி, உள்ளேயும் வெளியேயும் போனில் வீடியோ எடுத்தான். எதற்கு என்று கேட்டேன். "பிரச்சனை என்னன்னு ஓனர் பார்க்கணும்ணா." சரி என்று விட்டுவிட்டேன். பத்து நாளில் விளக்கு மறுபடி எரிந்தது.

அடுத்து புகைச் சான்றிதழ் முடிகிற தேதி வந்தது. சோதனை மையத்தில் கருவியின் குழாயைச் சொருகியவர் முகத்தைச் சுளித்தார். பிஎஸ்4 பெட்ரோல் வண்டிக்கு ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். என்னுடையது ஒன்றைத் தாண்டி நின்றது. "சார், கேட் கான் இருக்கா உங்க வண்டில?" என்று கேட்டார். அந்தச் சொல்லையே அப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறேன்.

திருப்பாப்புலியூரில் எங்கள் குடும்பத்துக்கே பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஸ்கேனரை மாட்டினார். பி0420 என்று வந்தது. புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், அதாவது சோதனை மையத்தில் கேட்ட அந்த கேட் கான், சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அப்புறம் ஸ்பேனரின் பின்பக்கத்தால் இன்ஜினுக்குக் கீழே இருந்த அந்த உருளையைத் தட்டினார். காலி பால் டப்பாவைத் தட்டினால் எப்படிக் கேட்குமோ அப்படிக் கேட்டது. "தம்பி, உள்ள ஒண்ணுமே இல்லையே" என்றார்.

வெளியில் இருந்து பார்த்தால் கன்வெர்ட்டர் அப்படியேதான் இருந்தது. மேல் உறையை அறுத்து, உள்ளே இருந்த தேன்கூடு மாதிரியான பீங்கானை எடுத்துவிட்டு, திரும்ப வெல்டு வைத்து, மேலே கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள். அந்தப் பீங்கானின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு இருக்கிறது. புகையில் உள்ள விஷ வாயுக்களை முறிப்பது அதுதான். காயலான் கடைக்காரர்கள் அதற்காகவே தேடி வந்து எடை போட்டு வாங்கிப் போகிறார்களாம். "உனக்குப் போட்ட 6,500ஐ விட அதுல அவனுக்கு ஜாஸ்தி கிடைச்சிருக்கும்" என்றார் பாய்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அவ்வளவு பெரிய சைலன்சரைத் துடைத்து என் டிக்கியில் வைத்தார், அது வெறும் இரும்பு விலை. கைக்குள் அடங்குகிற பீங்கானை அவர் வைத்துக்கொண்டார். அந்த விலைக்கு அவரால் எப்படி வேலை செய்து கொடுக்க முடிந்தது என்பது அந்த லிஃப்டுக்குக் கீழே நிற்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் கொடுத்த பணம் பைப்புக்கே சரியாகப் போயிருக்கும். லாபம் என் வண்டிக்குள்ளேயே இருந்தது.

பைப்பும் சொன்ன பைப் இல்லை. ஐப்பசி மழை இரண்டு பெய்ததும் வெல்டு ஓரமெல்லாம் செம்பட்டை நிறத்தில் துரு. பாய் காந்தத்தை வைத்தார், பச்சென்று ஒட்டிக்கொண்டது. (காந்தம் ஒட்டினாலே எஸ்எஸ் இல்லை என்று சொல்லிவிட முடியாது, கம்பெனி சைலன்சர்களில் வருகிற சில ரகங்களிலும் ஒட்டும். ஆனால் 304 என்று சொல்லி விற்ற நேர் பைப்பில் இப்படி ஒட்டக் கூடாது.) சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர் இரண்டைக் காணோம், கட்டுக்கம்பி போட்டு முறுக்கியிருந்தார்கள். நடு ஜாயின்ட்டில் கேஸ்கட்டே இல்லை, பேஸ்ட் அப்பியிருந்தது. புகை அங்கிருந்துதான் கசிந்து உள்ளே வந்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கன்வெர்ட்டர் இல்லாததால் மற்ற நெடியும் சேர்ந்து வந்ததே என் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் தலைவலி எதனால் என்றே தெரிந்திருக்காது. இரண்டு பேரையும் பின் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு சிதம்பரம் போய் வந்ததை நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

கடைக்குப் போய்க் கேட்டேன். "சவுண்ட் வேணும்னு நீங்கதானே ப்ரோ கேட்டீங்க? அதை எடுத்தாத்தான் சவுண்ட் வரும்." எடுத்ததைக் கொடு என்றேன். குப்பையில் போட்டுவிட்டாராம். போலீசுக்குப் போவேன் என்றதற்குச் சிரித்தார். "போய் என்னன்னு சொல்வீங்க?" கேள்வி நியாயமானதுதான். வண்டியை இப்படி மாற்றுவதே மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவின்படி தப்பு. சத்தம், புகை விதியை மீறினால் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ உண்டு, லைசென்ஸும் முடங்கும். ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் யாராவது கை காட்டினாலே ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு நியூட்ரலில் உருண்டு போன ஆள் நான். கடைசியில் 2,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினார்.

புது கன்வெர்ட்டர், கேஸ்கட், ரப்பர், பாயின் கூலி எல்லாம் சேர்த்து 38,000 ஆனது. டிக்கியில் தூங்கிக்கொண்டிருந்த பழைய சைலன்சரும் ரெசனேட்டரும் மட்டும் கைகொடுத்தன. அதற்கு அந்தக் கடைக்காரருக்கே நன்றி சொல்ல வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் யாராவது இந்த வேலைக்குப் போவதாக இருந்தால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். கேட்காத ஆட்களுக்கும், வேறு ரிப்பேருக்காக சைலன்சரைக் கழற்றக் கொடுக்கிறவர்களுக்கும் ஒன்று: கொடுப்பதற்கு முன் இன்ஜினை ஒட்டியிருக்கும் கன்வெர்ட்டரை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், திரும்ப வாங்கும்போது புது வெல்டு கோடு இருக்கிறதா என்று பாருங்கள், தட்டியும் பாருங்கள். கழற்றுகிற ஒவ்வொன்றும் பில்லில் வரட்டும். பீச்சுக்குப் போகச் சொன்னால் போகாதீர்கள்.

அந்தக் கடைப் பையன் எடுத்த வீடியோ இப்போது அவர்களுடைய விளம்பரமாக ஓடுகிறது. வெள்ளை ஸ்விஃப்ட், நம்பர் பிளேட்டை மறைத்திருக்கிறார்கள், 'லோ பட்ஜெட் மாஸ் சவுண்ட்' என்று போட்டிருக்கிறார்கள். நடுவில் ஒரு இடத்தில் கேமரா உள்ளே வந்து ஆர்பிஎம் காட்டுகிற டேகோமீட்டரைக் காட்டும். அங்கே நிறுத்திப் பாருங்கள், முள்ளுக்குப் பக்கத்தில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.