ஒட்டிய கீல் உறுதியாக இருக்கிறது, ஒட்டாத கீல் உடைந்துவிட்டது

நான் பத்து ஆண்டுகளாக வைத்திருக்கும் அதே மாதிரி மடிக்கணினி, யாரோ பயன்படுத்தியது, விலைக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று குடியாத்தத்து நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். அதன் விசைப்பலகை எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதும், நினைவகத்தையும் வன்தட்டையும் வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்பதும் அவருக்குத் தெரியும். தெரியாதது, திரையை அடிப்பெட்டியோடு இணைக்கும் அதன் கீல்.

கீல் உலோகம், அதைத் தாங்கும் அடிப்பெட்டி பிளாஸ்டிக். பிளாஸ்டிக் குமிழுக்குள் பதித்த சிறு பித்தளை மரையில்தான் திருகாணி இறங்குகிறது. கீல் இறுகிப்போனால், மூடியைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் அந்த விசை மரையைப் பிடுங்கப் பார்க்கும். ஐந்தாம் ஆண்டு மே மாதத்தில் இடப்பக்க மரை குமிழோடு பெயர்ந்து வந்தது. எதற்கும் வேலூர் வெயிலைக் குறை சொல்வது எங்கள் வழக்கம் என்றாலும், இத்தகைய பெட்டிகளுக்குப் பயன்படும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் இளக ஏறத்தாழ 100 டிகிரி வேண்டும் என்பதால் இந்தப் பழியை வெயில் மேல் போட முடியவில்லை.

கடையில் உடனடிப் பசை வைத்துக் கொடுத்தார்கள். பதினோரு நாள் நின்றது. அந்தப் பசை காய்ந்தால் கண்ணாடி போல் முறியும். நெம்பும் விசையை அது தாங்காது. போதாக்குறைக்கு, அதன் ஆவி படிந்து சுற்றிலும் வெண்மை பூத்துவிட்டது. பிளாஸ்டிக்கையே அசிட்டோனில் கரைத்து ஒட்டலாம் என்று எண்ணினேன். ஆனால் பெட்டியின் உட்புறத்தில் பிசி (பாலிகார்பனேட்), ஏபிஎஸ் இரண்டும் கலந்தது என்று அச்சிட்டிருந்ததால், ஓர் ஓரத்தில் துளி வைத்துப் பார்த்தேன். மயிரிழை விரிசல் விட்டதும் அந்த எண்ணத்தைக் கைவிட்டேன்.

ஆம்பூர் ஷூ தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் மைத்துனர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "தோலைச் சொரண்டாம நாங்க சோல் ஒட்டவே மாட்டோம் மாமா, நீங்க வழவழன்னு இருக்கறது மேல ஊத்தி வச்சிருக்கீங்க."

அதன் பிறகு உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, பசை இறங்கிப் பிடிக்க நான்கைந்து சிறு துளைகள் இட்டு, ஸ்பிரிட்டால் துடைத்து, கொசுவலைக் கம்பியில் ஒரு துண்டை வெட்டி வைத்து, மெதுவாக இறுகும் இரண்டு பகுதிகளைக் கலந்து பூசும் எபாக்சிப் பசையை அதன்மேல் நிரப்பினேன். திருகாணியும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளாதிருக்க அதன்மேல் மெழுகுவத்தியைத் தேய்த்திருந்தேன். ஐந்து நிமிடப் பசையை வாங்காமல் ஒரு நாள் முழுவதும் காயவிட்டதுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். பசை மேடாகிப்போய் மேல்மூடி உட்கார மறுத்ததால், இரண்டு மாலைப் பொழுதுகள் அரத்தோடு கழிந்தன. கீலின் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தியதோ எல்லாம் முடிந்த பிறகுதான். முதலில் செய்திருக்க வேண்டியதே அதுதான்.

பார்க்க அசிங்கமான அந்த மூலை ஐந்து ஆண்டுகளாக அசையவில்லை. சென்ற மாதம் பெயர்ந்தது வலப்பக்கம், நான் தொடாத பக்கம். அந்த நட்டையும் அன்றே தளர்த்தாமல் விட்டது என் பிழை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் விரல் நகத்தளவு பிளாஸ்டிக்கை நம்பி ஒரு திரையையே மாட்டியவர்கள் மேல் எனக்குள்ள கோபம் அதனால் குறையவில்லை. இந்த அனுபவத்தைத் தட்டச்சு செய்வதும் அதே இயந்திரத்தில்தான். இதைவிட நல்ல விசைப்பலகையில் நான் இதுவரை விரல் வைத்ததில்லை.

நண்பருக்கு, வாங்க வேண்டாம் என்று பதில் அனுப்பிவிட்டேன். விற்பவர் அடிப்பெட்டியை மட்டும் தனியாகத் தருவாரா என்று எனக்காக விசாரிக்கவும் சொல்லியிருக்கிறேன்.