வீடியோவை நம்பாமல் தீர்ப்பையே படிக்க: உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்.சி.ஆர். தளம்

பெங்களூர் அல்சூரில் இருக்கும் என் அத்தை போன மாதம் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர், "2005-க்கு முன்னாடி அப்பா இறந்துட்டா பொண்ணுக்குப் பூர்வீகச் சொத்துல பங்கே கிடையாது" என்று அடித்துச் சொல்கிறார். எங்கள் தாத்தா இறந்தது 2001-இல். கிருஷ்ணகிரி பக்கத்தில் இருக்கும் நிலம் அவருக்கு அவர் அப்பா வழியில் வந்தது, இன்றுவரை பாகம் பிரிக்கவில்லை. அத்தைக்கு 1984-இலேயே கல்யாணம் ஆகிவிட்டதால் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு தந்த தமிழ்நாட்டின் 1989 சட்டத் திருத்தமும் அவருக்குப் பொருந்தாது. "விடுடா, நமக்கு இல்லைன்னு ஆயிடுச்சு" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை.

அன்று ராத்திரி இ-எஸ்.சி.ஆர். தளத்தைத் திறந்தேன். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் அதிகாரப்பூர்வத் தொகுப்பு இது, 2023 ஜனவரியில் சுமார் 34,000 தீர்ப்புகளோடு தொடங்கினார்கள், சந்தா எதுவும் கிடையாது. வக்கீல்கள் காசு கட்டி வாங்கும் மென்பொருளில் இருக்கும் தீர்ப்பை நம்மைப் போன்றவர்களும் வழக்கின் பெயரைப் போட்டுத் தேடி எடுத்துவிடலாம் என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

வீடியோக்காரர் சொன்னது 2015-இல் வந்த பிரகாஷ் எதிர் பூலாவதி தீர்ப்பு. அதை 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு மாற்றிவிட்டது. மகளுக்கு உரிமை பிறப்பால் வருகிறது, மகள்களுக்குச் சம உரிமை தந்த இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்திருந்தால் அதைக் கலைக்க முடியாது, தாத்தா சுயமாகச் சம்பாதித்த சொத்துக்கும் இது பொருந்தாது. தீர்ப்பு ரொம்ப நீளம். அவசரமாகப் பார்ப்பவர்கள் 129-ஆம் பத்திக்குப் போனால் போதும், முடிவுகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. முன்னால் இருக்கும் சுருக்கத்தை மட்டும் படித்து நிறுத்திவிடாதீர்கள், அது தீர்ப்பின் பகுதி கிடையாது.

தீர்ப்பையே படிப்பதன் அருமை பெங்களூர்த் தமிழர்களுக்குச் சொல்லாமலே புரியும். 2015 மே மாதம் ஜெயலலிதாவின் சொத்துக் குவிப்பு வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை கொடுத்தபோது டிவி விவாதங்களில் கத்தாத ஆள் இல்லை. தீர்ப்பிலோ, குற்றம் சாட்டப்பட்டவர்கள் வாங்கிய கடன்களைக் கூட்டி 24.17 கோடி என்று போட்டிருந்த இடத்தில் சரியான கூட்டுத்தொகை 10.67 கோடிதான். கையில் தீர்ப்பு இருந்தால் யார் வேண்டுமானாலும் கூட்டிப் பார்க்கலாம். 2017 பிப்ரவரி 14 அன்று அந்த விடுதலையை ரத்து செய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் படிக்க வேண்டியது.

குறை என்றால் மொழிதான். தமிழ் மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன, ஆனால் மொத்தத்தில் அது சிறு பகுதி. தமிழில் படித்தாலும் சட்டப்படி ஆங்கில வடிவம்தான் செல்லும். சொத்து, ஜீவனாம்சம், வாடகை, வேலை நீக்கம், இந்த நாலு விஷயத்திலும் முக்கியமான தீர்ப்புகளை முதலில் தமிழாக்க வேண்டும், வீடுகளில் சண்டை நடப்பது இவற்றுக்காகத்தானே. அப்புறம், இதை வைத்துக்கொண்டு வக்கீல் தேவையில்லை என்று நினைத்துவிடக் கூடாது. எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்ற தெளிவோடு வக்கீலிடம் போகலாம், அதற்கு இதைவிட நல்ல சேவை நான் பார்த்ததில்லை. 5-க்கு 4 தருவேன்.

அத்தைக்குப் பங்கு என்றால் எங்கள் அப்பாவின் பங்கு குறையும். அதனால் அந்தப் பத்தியை அச்செடுத்து முதலில் அப்பாவிடம்தான் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு போனை எடுத்து, "அக்கா, பட்டா நகல் உன்கிட்ட இருக்கா? சனிக்கிழமை கிருஷ்ணகிரி போய் வக்கீலைப் பார்த்துட்டு வந்துடலாம்" என்றார்.