குளிர்ப்பகுதியில் ஆலிவ்: தொட்டியா, தரையா?

குளிர்ப்பகுதியில் ஆலிவ் வளர்க்க விரும்புவோர் பெரும்பாலும் தொட்டியையே நாடுகின்றனர். கடுங்குளிர் வந்தால் உள்ளே நகர்த்திவிடலாம் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். இரண்டையும் எடைபோட்டுப் பார்த்த பிறகு, நான் தரையில், வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும் ஒரு மதிலின் ஓரமாக நட்டேன். வெயில் தேவையில் இரண்டுக்கும் வேறுபாடில்லை. பூப்பதற்குக் குளிர்காலக் குளிர் ஓரளவு அவசியம் என்பதும் இரண்டுக்கும் பொது. வெப்பமூட்டிய அறையில் குளிர்காலத்தைக் கழிக்கும் தொட்டிமரம் பெரும்பாலும் பூப்பதில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது வேர்தான். வெப்பநிலை ஏறத்தாழ −7 டிகிரி செல்சியஸுக்கு இறங்கினால் இலைகளும் இளந்தளிர்களும் கருகத் தொடங்கும். −10, −12 என்று போனால் கிளைகளும் அடிமரமும் பிளவுபடும். ஆனால் அடிமரத்தைவிட வேர் குளிருக்கு மென்மையானது. தரையில் இருக்கும் வேரைச் சுற்றியுள்ள மண் மெதுவாகவே குளிர்கிறது. தொட்டியிலோ குளிர் எல்லாப் பக்கமும் சூழ்ந்து, மண்கட்டி முழுவதும் உறைந்துவிடக்கூடும். இலையுதிரா மரமாகையால், உறைந்த வேரால் நீர் எடுக்க முடியாத நேரத்திலும் இலைகள் காற்றில் ஈரத்தை இழந்துகொண்டே இருக்கும். 1985 ஜனவரியில் இத்தாலியின் டஸ்கனியை உறைபனி தாக்கியபோது ஏராளமான ஆலிவ் மரங்கள் தரைமட்டம் வரை பட்டுப்போயின. ஆயினும் அவற்றில் பல, தரையை ஒட்டி வெட்டப்பட்ட பின், வேரும் அடிமரமும் சேரும் வேர்த்தலையிலிருந்து மீண்டும் துளிர்த்தன. தொட்டியில் வேரே செத்துவிட்டால் அந்த மறுபிறப்புக்கு வழியில்லை. இந்தக் காப்பு முழுமையாகக் கிடைக்க வேண்டுமானால், ஒட்டுக்கன்றைத் தவிர்த்து, தண்டுக்குச்சியிலிருந்து வளர்த்த கன்றைக் கேட்டு வாங்க வேண்டும்; ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பது வேறு மரமாகிவிடும்.

தரையில் நடுவதன் பலவீனம் ஈரம். நீர் தேங்கும் களிமண்ணில் குளிரைவிட வேரழுகல்தான் மரத்தை முதலில் கொல்லும். சரளையும் மணலும் கலந்து மேடு கட்டி, அதன் உச்சியில் நட்டால் பெருமளவு தப்பலாம். வடிகாலே அமையாத நிலமென்றால் தொட்டிதான் சரி. ஈரக்காற்றில் இலைப்புள்ளி நோய் இரண்டிலும் வரும். கவாத்து செய்து கிளைகளுக்கிடையே காற்றோட்டம் விட்டால் குறையும்.

பராமரிப்பிலும் தொட்டியே அதிகம் கேட்கிறது: கோடையில் தவறாமல் நீர், உரம், இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை மண்மாற்றம், மரம் வளர வளரத் தூக்க இயலாத கனம். தரையில் நட்ட மரம் வேர்பிடித்தபின் கோடையில் அதிகம் கேட்பதில்லை.

இரகத்தைப் பொறுத்தவரை, குளிர் தாங்குவதில் லெச்சினோவுக்கு நல்ல பெயர் உண்டு. ஆனால் அது காய்க்க அருகில் வேறு இரக மரம் வேண்டும். ஒரே மரம் வைப்போருக்குத் தன்மகரந்தச் சேர்க்கையுடைய, சிற்றுருவான ஆர்பெக்கினா எளிது. எதுவானாலும் இலையுதிர்காலத்தில் நடாமல், கடைசி உறைபனி கழிந்த வசந்தத்தில் நட்டால் குளிர்காலத்துக்கு முன் வேர் ஊன்றிக்கொள்ளும்.

என் மரம் இதுவரை −10க்குக் கீழான இரவைக் கண்டதில்லை. ஆகவே அத்தகைய குளிர் ஆண்டுதோறும் வரும் இடங்களுக்கு என் பரிந்துரையை நீட்டமாட்டேன். அங்கு தொட்டியை உறையாத, ஆனால் வெப்பமூட்டாத, வெளிச்சமுள்ள கூடத்துக்கு நகர்த்துவதே பாதுகாப்பு.