எட்டு ஆண்டுகளாக ஒரு ஹைபிரிட் கார்: கையேட்டின் சிறிய எழுத்தில் இருந்தவை

எரிபொருளில் ஓடும் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து இயக்கும் ஹைபிரிட் கார் வாங்கப் போவதாகச் சொன்னபோது, கேட்டவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "அந்தப் பெரிய பேட்டரி போய்விட்டால் என்ன செய்வீர்கள்?" எட்டு ஆண்டுகளும் 1,30,000 கிலோமீட்டரும் கடந்துவிட்டன. அந்தப் பெரிய பேட்டரி ஒரு நாளும் என்னை வழியில் நிறுத்தியதில்லை. என்னை நிறுத்தியது, டிக்கியின் ஓரத்தில் ஒரு மூடிக்குள் இருக்கும், இருப்பதையே நான் மறந்துபோயிருந்த சின்ன 12 வோல்ட் பேட்டரிதான்.

மூன்று வாரம் காரை எடுக்காமல் விட்டிருந்தேன். திரும்பி வந்து கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கவில்லை. சாவிப் பொத்தானுக்கும் பதில் இல்லை. அந்தப் பொத்தான் சாவிக்குள் ஒளிந்திருக்கும் சிறிய உலோகச் சாவியை உருவி ஓட்டுநர் கதவைத் திறந்துவிட்டேன். ஆனால் பேட்டரி இருப்பதோ டிக்கியில், டிக்கியின் பூட்டோ மின்சாரத்தில் மட்டும் திறப்பது. பூட்டிய பெட்டிக்குள்ளேயே அதன் சாவியை வைத்துவிட்ட கதை. கையேட்டைப் புரட்டிய பிறகே, பானெட்டுக்கு அடியில் ஃபியூஸ் பெட்டிக்குள் சிவப்பு மூடி போட்ட ஒரு முனை இதற்கென்றே வைக்கப்பட்டிருப்பது தெரிந்தது. அங்கே வெளி பேட்டரி ஒன்றின் நேர்முனையையும், காரின் வெறும் உலோகப் பகுதி ஒன்றில் எதிர்முனையையும் இணைத்த சில நொடிகளில் காருக்கு உயிர் வந்துவிட்டது.

இது ஏன் இப்படி என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் கவலை தீரும். என் காரைப் போன்ற அமைப்பில் இன்ஜினைக் கிளப்பத் தனியாக ஸ்டார்ட்டர் மோட்டாரும் இல்லை, பேட்டரியை சார்ஜ் செய்ய ஆல்டர்னேட்டரும் இல்லை. இன்ஜினைச் சுழற்றி எழுப்புவது உயர் மின்னழுத்தம் கொண்ட அந்தப் பெரிய பேட்டரியில் ஓடும், மோட்டாராகவும் ஜெனரேட்டராகவும் வேலை செய்யும் மோட்டார் ஜெனரேட்டர். ஆனால் கார் அணைந்திருக்கும்போது அந்தப் பெரிய பேட்டரி, ரிலேக்கள் எனும் மின் சுவிட்சுகளால் மற்ற எல்லாவற்றிலிருந்தும் துண்டிக்கப்பட்டிருக்கும். கணினிகளை எழுப்பி அந்த ரிலேக்களை மூடி இணைப்பைத் தரும் வேலை 12 வோல்ட் பேட்டரியுடையது. அது படுத்துவிட்டால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் பயனில்லை. இன்ஜினைச் சுழற்றும் சுமை இல்லாததால், எழுப்புவதற்குச் சிறிதளவு மின்னோட்டமே போதும். கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் (அவசரத்துக்கு மின்சாரம் தரும் சிறிய பேட்டரி) ஒன்றே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. இதே காரணத்தால், நின்றுபோன இன்னொரு காருக்கு நம் காரிலிருந்து மின்சாரம் கொடுக்கப் போகக் கூடாது. அந்தச் சுமைக்காக இது வடிவமைக்கப்படவில்லை.

அன்று முதல், காரை எடுக்காத வாரங்களில் ஒருமுறையாவது ஒரு மணி நேரம், ஓடத் தயார் என்று காட்டும் 'ரெடி' விளக்கு எரியும் நிலையில் நிறுத்தி வைக்கிறேன். வெறுமனே திரையும் பாட்டும் ஓடும் துணைக்கருவி நிலை போதாது. அந்த நிலையில் சின்ன பேட்டரி சார்ஜ் ஆகாது, மேலும் காலியாகத்தான் செய்யும். இதைச் செய்யும்போது கார் திறந்த வெளியில் நிற்க வேண்டும் என்பது மிக முக்கியம். ரெடி நிலையில் சத்தமே இல்லாமல் நிற்கும் கார், பேட்டரி இறங்கியதும் நம்மைக் கேட்காமல் தானாக இன்ஜினை இயக்கிக்கொள்ளும். மூடிய ஷெட்டுக்குள் அது நச்சு வாயுவான கார்பன் மோனாக்ஸைடை நிரப்பிவிடும். சத்தம் இல்லை என்பதற்காக, ரெடி நிலையிலேயே விட்டு இறங்கி வீட்டுக்குள் போய்விடும் தவறை நானும் இருமுறை செய்திருக்கிறேன்.

டொயோட்டா நிறுவனம் 1997 டிசம்பரில் ஜப்பானில் பிரியஸை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது பரவலாக அறிமுகமான, இன்ஜினும் இரண்டு மோட்டார் ஜெனரேட்டர்களும் ஒரே கிரகப் பல்சக்கரத் தொகுதியில் (நடுச் சக்கரத்தைச் சிறிய சக்கரங்கள் சுற்றிவரும் அமைப்பு) கூடும் அமைப்புதான் இப்போது நான் ஓட்டும் காரிலும் இருக்கிறது. விளம்பரங்கள் இதையும், கியர் படிகள் இல்லாத தானியங்கி அமைப்பான சிவிடி என்றே அழைக்கின்றன. ஆனால் சாதாரண சிவிடியில் உள்ள பெல்ட்டும் கப்பிகளும் இதில் இல்லை. மாற்றப்பட வேண்டிய கியர்களும் இல்லை. பின்னோக்கிப் போவதற்கென்று தனிப் பல்சக்கரமும் கிடையாது. மோட்டார் எதிர்த்திசையில் சுழல்கிறது, அவ்வளவுதான். ஐந்து பேரையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு செங்குத்தான சரிவில் பின்னோக்கி ஏற முயன்றபோது, முன்னோக்கிச் செல்கையில் இருக்கும் வலு பின்னோக்கி இல்லை என்பதை உணர்ந்தேன். இருவரை இறக்கிவிட்டுத்தான் ஏற்ற முடிந்தது.

பழைய காரின் பழக்கம் ஒன்று எனக்கு இதில் தொல்லையானது. சிக்னலில் நின்றால் உடனே நியூட்ரலுக்குத் தள்ளிவிடுவேன். இந்தக் காரில் நியூட்ரலில் இருக்கும்வரை இன்ஜின் ஓடினாலும் உயர் மின்னழுத்த பேட்டரி சார்ஜ் ஆவதில்லை. கடும் வெயிலில் ஏசியை ஓட விட்டபடி ஒரு நீண்ட நெரிசலில் இப்படியே நின்று நின்று நகர்ந்ததில், திரையில் பேட்டரிக் கட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்து இரண்டில் வந்து நின்றன. 'டி' என்ற ஓட்டும் நிலையிலோ 'பி' என்ற பார்க்கிங் நிலையிலோ விட்டிருந்தால், தேவைப்பட்டபோது கார் தானே சார்ஜ் செய்துகொண்டிருக்கும். ஏற்றத்தில் நிற்கும்போது பிரேக்கை விட்டுவிட்டு ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்திக் காரைப் பிடித்து வைப்பதும் இத்தகைய பழக்கம்தான். சுழலாமல் நிற்கும் மோட்டாரில் மின்சாரம் பாய்ந்துகொண்டே இருந்தால் அது சூடாவதைத் தவிர வேறொன்றும் நடக்காது.

பிரேக்கைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் பாராட்டுவதும் அதைத்தான், கவனிக்காமல் விடுவதும் அதைத்தான். மிதியை மிதமாக அழுத்தும்போது பெரும்பாலும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைக்கிறது. கார் நிற்கப் போகும் கடைசிக் கட்டத்திலும், அவசரமாக அழுத்தும்போதும் மட்டுமே பிரேக் பேட்கள் சக்கரத்தோடு சுழலும் டிஸ்கைப் பற்றுகின்றன. அதனால் என் பேட்களில் பெரும்பாலானவற்றில் இன்னும் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. ஆனால் உழைக்காத பொருளைத் துரு பிடிக்கும். ஐந்தாம் ஆண்டில் பின்சக்கரம் ஒன்றிலிருந்து மெல்லிய உரசல் ஒலி வந்தது. பணிமனையில் சக்கரத்தைக் கழற்றிய மெக்கானிக், பேட்களைத் தாங்கும் காலிப்பரை இரண்டு கைகளாலும் பிடித்து அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. "சார், பேட் தேயவில்லை என்று யாரும் இதைத் திறந்தே பார்க்கவில்லை போலிருக்கிறது," என்றார். காலிப்பர் வழுக்கி நகர வேண்டிய பின்கள் துருவேறி இறுகியிருந்தன. உள்பக்கப் பேட் காகிதம் போல் தேய்ந்திருக்க, வெளிப்பக்கப் பேட் ஏறத்தாழப் புதிதாகவே இருந்தது. டிஸ்கின் விளிம்பில் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம். ஒவ்வொரு சர்வீஸிலும் பேட்டின் தடிமனை அளந்து எழுதித்தான் கொடுத்திருந்தார்கள், வெளிப்பக்கப் பேட்டை மட்டும்.

இப்போது ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பின்களைக் கழற்றித் துடைத்து, அதற்கான கிரீஸைத் தடவச் சொல்கிறேன். மாதம் ஒருமுறை, பின்னால் வண்டி எதுவும் வராத நேரான சாலையில் நியூட்ரலுக்கு மாற்றி, நான்கைந்து முறை சற்று அழுத்தமாக பிரேக் பிடிக்கிறேன். நியூட்ரலில் மின்னாக்கம் நின்றுவிடுவதால் முழு வேலையும் பேட்களுக்குப் போய், டிஸ்கின் துரு சுரண்டப்பட்டுவிடும். நியூட்ரலால் நான் கண்ட ஒரே நன்மை இதுதான். பேட் தேயாததால் பிரேக் திரவமும் கெடாது என்று நினைப்பவர்கள் உண்டு. அது ஈரத்தை உறிஞ்சுவது காலத்தைப் பொறுத்தது, தேய்மானத்தைப் பொறுத்தது அல்ல.

இன்னொரு விசித்திரம்: பிரேக்கை மெல்ல அழுத்திக்கொண்டே ஒரு பள்ளத்தைக் கடக்கும்போது, ஒரு கணம் பிரேக் விட்டுப்போய் கார் முன்னால் பாய்வது போலத் தோன்றும். சக்கரம் பிடிப்பை இழந்ததைக் கண்ட கணினி, மோட்டாரின் பிரேக்கை விடுவித்து வேலையைப் பேட்களிடம் ஒப்படைக்கும் இடைவெளி அது. முதல்முறை வயிற்றைக் கலக்கியது. மிதியைச் சற்றுக் கூடுதலாக அழுத்தினால் போதும்.

கியர்த் தண்டில் 'பிரேக்' என்பதற்கான ஆங்கில எழுத்தோடு உள்ள நிலையும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. அதில் ஓட்டினால் பேட்டரி வேகமாக நிரம்பும் என்று நினைத்து நானும் சில மாதம் நகரத்துக்குள் அதிலேயே ஓட்டினேன்; மைலேஜ் குறைந்ததுதான் மிச்சம். அது நீண்ட மலை இறக்கத்துக்கானது. எரிபொருள் இல்லாமலேயே இன்ஜினைச் சுழல வைத்து, அந்த எதிர்ப்பில் ஆற்றலை வீணாக்கி வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. இறக்கத்தின் நடுவில் பேட்டரி நிரம்பிவிட்டால் சாதாரண நிலையிலும் இன்ஜின் திடீரென்று உறுமத் தொடங்கும். அது பழுது அல்ல.

பெரிய பேட்டரிக்கு உண்மையான எதிரி வெப்பம். திரையில் 'நிறைந்தது' என்று காட்டுவது 100 சதவீதம் அல்ல, 'காலி' என்று காட்டுவது பூஜ்ஜியமும் அல்ல. ஆயுளைக் காக்க, ஏறத்தாழ 40 முதல் 80 சதவீதத்துக்குள்ளேயே கார் அதைப் புழங்குகிறது. அதைக் குளிர்விக்கும் காற்றோ, பின் இருக்கையின் பக்கவாட்டில் உள்ள சிறிய கம்பிவலை வழியாக, நாம் உட்கார்ந்திருக்கும் அறையிலிருந்தே போகிறது. ஒரு பயணத்தில் துணிப்பை அந்த வலையின்மேல் சாய்ந்திருக்க, பின்னாலிருந்து விசிறியின் இரைச்சல் அரை மணி நேரம் கேட்டுக்கொண்டே வந்தது. வலைக்குப் பின்னுள்ள வடிகட்டியைக் கழற்றியபோது போர்வைப் பஞ்சு போல் தூசி ஒட்டியிருந்தது. மாற்றுவதற்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் எந்த சர்வீஸ் பட்டியலிலும் அது இருந்ததில்லை.

சத்தங்களில் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். இரவு ஏழு மணிக்கு அணைத்த கார், நள்ளிரவில் யாரும் இல்லாத இடத்தில் சில நிமிடம் முனகியது. கையேட்டைப் பார்த்தால், அணைத்துச் சுமார் ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு எரிபொருள் ஆவிக் கசிவைக் கார் தானே சோதித்துக்கொள்ளும் என்று ஒரு வரி இருந்தது. ஓட்டுநர் கதவைத் திறந்ததும் வரும் குறுகிய ரீங்காரம், பிரேக் அழுத்தத்தை ஏற்றிவைக்கும் பம்ப்.

ஏசி கம்ப்ரெஸர் பெல்ட்டில் ஓடுவதில்லை. உயர் மின்னழுத்த மின்சாரத்தில் ஓடுகிறது. அதனால்தான் இன்ஜின் நின்றிருக்கும்போதும் குளிர் குறைவதில்லை. அதற்குள் மின் காப்புத்தன்மை கொண்ட பிஓஇ வகை எண்ணெய் மட்டுமே இருக்க வேண்டும். சாதாரணக் கார்களுக்கான பிஏஜி எண்ணெய் கொஞ்சம் கலந்தாலும் காப்பு கெட்டு மின்கசிவுப் பிழை வரும். வாயு நிரப்பப் போன ஓரிடத்தில், எந்த எண்ணெய் போடுவீர்கள் என்று கேட்டேன். "எல்லா வண்டிக்கும் ஒன்றுதான்," என்றார்கள். நன்றி சொல்லிவிட்டு வெளியேறினேன்.

மைலேஜைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. நகரத்தில் லிட்டருக்கு 23 கிலோமீட்டர் தருகிற இதே கார், மூன்று கிலோமீட்டர் பயணங்களில் 15ஐத் தாண்டுவதில்லை; குளிர்ந்த இன்ஜினையும் புகை வடிகட்டும் வினையூக்கியையும் சூடாக்கவே அந்தத் தூரம் போய்விடுகிறது. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் பிரேக் பிடித்து மின்சாரம் சேமிக்க வாய்ப்பே இருக்காது என்பதால், அங்கே சாதாரணக் கார்களோடு உள்ள இடைவெளி சுருங்குகிறது.

வழியில் நின்றுவிட்டால், ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருளும்படி கயிறு கட்டி இழுக்க யாரையும் அனுமதிக்க வேண்டாம். சக்கரத்தோடு மோட்டாரும் சுழன்று மின்சாரத்தை உண்டாக்கும். காரை முழுவதுமாகத் தூக்கி ஏற்றும் வண்டிதான் வேண்டும். உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிறக் கேபிள்களைத் தொடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. பெரிய பேட்டரியைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவிய பிறகும், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரின் மின்தேக்கிகள் அடங்கப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது சில மெக்கானிக்குகளுக்கே தெரிவதில்லை.

சென்ற மாதம் காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைப் பொருத்திப் பெரிய பேட்டரியின் தொகுதிகளைப் பார்த்தோம். தொகுதிகளுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு பெயரளவுக்குத்தான் இருந்தது; அதாவது, அது நலமாகவே இருக்கிறது. சின்ன பேட்டரியை மட்டும் இப்போது இரண்டாம் முறையாக மாற்றியிருக்கிறேன். பழையதைத் தூக்கி வெளியே எடுக்கும்போது, டிக்கியைத் திறந்தே வைத்திருந்தேன்.