ஸ்பிண்டில் ஓடும்போது மட்டும் அலாரம் வருகிறதா? என்கோடரை மாற்றிவிடாதீர்கள்

38,500 ரூபாய் போய்விட்டது. ஆறவே இல்லை, எழுதிவிடுகிறேன்.

சேலம் கொண்டலாம்பட்டி பக்கம் சின்ன பட்டறை. சேகோ (ஜவ்வரிசி) மில் ஷாஃப்ட் வேலைதான் அதிகம். சிஎன்சி லேத்தில் (கம்ப்யூட்டர் ஓட்டும் கடைசல் மெஷின்) எக்ஸ் ஆக்சிஸ் என்கோடர் அலாரம் வந்தது. டூல் எந்த இடத்தில் இருக்கிறது என்று மெஷினுக்குச் சொல்கிற சென்சார்தான் என்கோடர். ஜாபைச் சுழற்றும் ஸ்பிண்டிலை நிறுத்திவிட்டு ஜாக் செய்தால், அதாவது பட்டனை அழுத்தி ஆக்சிஸை மட்டும் நகர்த்தினால், வராது. நாய்ஸோ (ஒயரில் ஏறும் மின் இரைச்சலோ) என்று அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. டெக்னீஷியனை அனுப்பிவைக்கும் ஒரு செயலியில் பதிவு செய்தேன்.

வந்த பையன் என்கோடரை இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றும் முன் மார்க்கரால் அழகாகக் கோடு போட்டுக்கொண்டான். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் நம்பினேன். "நேத்து ஏற்காட்டுல இடி இடிச்சதுல்ல அண்ணா, என்கோடர் போயிருச்சு. கேபிளையும் ஷீல்டு கேபிளா மாத்திடலாம்" என்றான். 38,500 வாங்கிக்கொண்டு பழைய என்கோடரையும் எடுத்துப் போய்விட்டான்.

மறுநாள் ஸ்பிண்டில் வேகம் பிடித்ததும் அதே அலாரம். போன் போட்டால் அண்ணா போய் சார் ஆகிவிட்டேன். "சார், உங்க எர்த் சரியில்ல." செயலிக்காரர்களைக் கேட்டால் அவனைக் கேளுங்கள் என்கிறார்கள், அவனைக் கேட்டால் கம்பெனியைக் கேளுங்கள் என்கிறான். நான்காவது முறை ஒரு அம்மா, "உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டுள்ளது" என்றார். யாரைக் கேட்டு முடித்தார்கள்?

பக்கத்துப் பட்டறை எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து அந்தப் புதுக் கேபிளைப் பிளேடால் கீறிக் காட்டினார். இரைச்சலைத் தடுக்கும் ஷீல்டாகச் செம்பு வலை இல்லை, ஃபாயில்கூட இல்லை, ஒயர்கள் ஜோடியாக முறுக்கப்படவும் இல்லை. சாதாரண மல்டிகோர். அதையும் ஸ்பிண்டில் மோட்டாரின் பவர் கேபிளோடு ஒரே டையில் கட்டியிருக்கிறான்! என்கோடர் சிக்னல் வெறும் 5 வோல்ட். ஸ்பிண்டில் மோட்டாரை ஓட்டும் டிரைவின் இரைச்சல் அதில் ஏறத்தானே செய்யும்? முறுக்கிய ஜோடியாக இருந்தால் இரண்டு ஒயரிலும் ஒரே அளவு ஏறும், சிக்னலைப் படிக்கும் ஆக்சிஸ் டிரைவ் ஒரு ஒயரிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது அடிபட்டுப் போகும். ஸ்கிராப்பில் கிடந்த பழைய கேபிளைப் பார்த்தோம். ஷீல்டு முனை கனெக்டரில் அறுந்திருந்தது. கோளாறே அவ்வளவுதான்.

நல்ல கேபிள் வாங்கி, பவர் லைனிலிருந்து ஓர் அடி தள்ளிப் போட்டு, ஷீல்டை ஆக்சிஸ் டிரைவ் பக்கம் கிளாம்பில் பிடித்து எர்த் கொடுத்தார். 1,900 ரூபாய்தான் ஆனது. அலாரம் நின்றுவிட்டது.

கண்டுபிடிப்பது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மில்லிலிருந்து ஷாஃப்ட் கேட்டுப் போன் மேல் போன். சரி, சுருக்கமாக: முதலில் ஸ்பிண்டிலை நிறுத்தி, ஆக்சிஸை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அலாரம் வராவிட்டால் நாய்ஸைச் சந்தேகப்படுங்கள். கேபிள் முனையை உரித்துப் பார்க்காமல் பணம் தராதீர்கள். பில்லில் சீரியல் நம்பர் கேளுங்கள், என்னுடையதில் இல்லை. பழைய பாகத்தைக் கொடுத்தனுப்பாதீர்கள். நல்லா இருந்த என் என்கோடர் இந்நேரம் யாருடைய மெஷினிலோ புதுசு என்று மாட்டப்பட்டிருக்கும்.