லெவலிங்னு சொல்லி 40,000 வாங்கிட்டு போல்ட்டை மட்டும் முறுக்கி விட்டிருக்காங்க: பிக்கப் வச்சிருக்கவங்க கட்டாயம் படிங்க

டார்ஷன் பார் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதிலா முறுங்கி வேலை செய்யற நீளக் கம்பி) உள்ள பிக்கப். பின்னாடி தூக்கி, முன்னாடி தாழ்ந்து நிக்குதேன்னு முன்பக்கத்தை 2 இன்ச் ஏத்தி லெவல் பண்ண ஒரு ஆஃப்ரோடு ஒர்க்‌ஷாப்ல விட்டேன். பேசினது 40,000 ரூபா. புது கீ (பாரோட நுனியைப் பிடிச்சு நிக்கிற லீவர், இதை அட்ஜஸ்டர் போல்ட் தள்ளினாத்தான் வண்டி உயரும்) ஒரு ஜோடி, நீளமான ஷாக் அப்சார்பர் ரெண்டு, கடைசியா வீல் அலைன்மென்ட். பில்லுல மூணும் இருக்கு. வண்டியில மூணுமே இல்ல. எதெல்லாம் பார்த்து வாங்கணும்னு கீழே எழுதறேன்.

ஒர்க்‌ஷாப் ஆள் விஷயம் தெரியாதவர் இல்ல, அதுதான் வயிறு எரியுது. புது கீயைப் பெட்டியிலிருந்து எடுத்து, அதோட அறுகோண ஓட்டை பழையதைவிடக் கொஞ்சம் திரும்பியிருக்கிறதை ரெண்டையும் பக்கத்துல வச்சுக் காட்டினார். "பழைய கீயிலயே ஏத்தினா போல்ட்ல மரை தீர்ந்துடும் சார், அதனாலதான் கீ மாத்துறோம்"னு சொன்னதும் அவரே. சொன்னது அத்தனையும் சரி. அதைக் கேட்டுத்தான் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்தது.

இப்போ வண்டிக்கு அடியில படுத்துப் பார்த்தா அதே துருப்பிடிச்ச கீ, கம்பெனி போட்ட பெயின்ட் குறியோட. அட்ஜஸ்டர் போல்ட் கடைசி மரை வரைக்கும் உள்ளே போயிருக்கு. ஷாக்கும் பழசுதான். ஜாக்கி போட்டு ரெண்டு போல்ட்டை முறுக்குற வேலைக்கு 40,000!

பள்ளத்துல இறங்கினா முன்னாடி டங்குனு அடிக்குது. கேட்டதுக்கு, "பார் டைட்டா இருக்கு, ஓட ஓடப் பழகிடும்"னாங்க. பச்சைப் பொய். போல்ட்டை முறுக்கினா பாரோட விறைப்பு கூடாது, நிக்கிற உயரம்தான் கூடும். அந்த அளவுக்கு வீல் கீழே இறங்குற இடம் குறையும். 3 இன்ச் இறங்குற வண்டியை 2 இன்ச் ஏத்தினா மிச்சம் 1 இன்ச்தான். அதைத் தாண்டினா மேல் கண்ட்ரோல் ஆர்ம் (வீலை வண்டியோட இணைக்கிற மேல் கை) ஸ்டாப்பர்ல போய் முட்டும், இல்லேன்னா ஷாக் முழுசா நீண்டு இழுத்து நிக்கும். புது கீ போட்டாலும் இந்த இடம் கூடாதுங்கிறதையும் சொல்லிடறேன். போல்ட்டுக்கு மரை மிச்சமாகும், அவ்வளவுதான்.

அடுத்து டயர். வெளி ஓரம் மட்டும் தேயுது. "டயர் குவாலிட்டி சரியில்ல"ன்னு பதில். முன்பக்கத்தை ஏத்தினா கேம்பர் பாசிட்டிவ் பக்கம் போகும் (வீலோட மேல்பக்கம் வெளியே சாயும்), காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சோட முன்பின் சாய்வு) குறையும், டோ (மேலேருந்து பார்த்தா வீல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிக்கிற அளவு) மாறும். அலைன்மென்ட் பண்ணாம விட்டா டயர் தேயாம என்ன செய்யும்? பண்ணியிருந்தா, பண்றதுக்கு முன்னாடி எடுத்த அளவு, பண்ணினதுக்கு அப்புறம் எடுத்த அளவு ரெண்டும் இருக்கிற தாள் எங்கேன்னு கேட்டேன். முதல்ல பிரின்டர் ரிப்பேர், அப்புறம் ஓனர் வெளியூர், இப்போ போனையே எடுக்கறதில்ல. இடது வலது உயரத்துக்கு 12 மி.மீ. வித்தியாசம் வேற. ரெண்டு பக்கமும் ஒரே அளவு சுத்து சுத்திட்டு, அளக்காமலே அனுப்பியிருக்காங்க. 40,000 வாங்கினவங்களுக்கு ஒரு டேப் எடுத்துப் பிடிக்க முடியல.

விரிவா எழுத இப்போ பொறுமையில்ல. இதை மட்டும் பாருங்க:

வேலைக்கு முன்னாடியும் பின்னாடியும் வீல் நடு மையத்துலேருந்து அதுக்கு மேல இருக்கிற ஃபெண்டர் (வீலை மூடுற பாடி தகடு) விளிம்பு வரைக்கும் நீங்களே அளந்து எழுதி வச்சுக்குங்க. தரையிலேருந்து அளக்காதீங்க, டயர் காத்து கணக்கைக் கெடுக்கும்.

கழட்டின பழைய கீ, ஷாக் எல்லாத்தையும் கையில வாங்காம மீதிப் பணம் தராதீங்க. அலைன்மென்ட் தாளும் அப்படித்தான்.

ஃபோர் வீல் டிரைவ்னா முன் ஆக்ஸில் சிவி பூட் (ஆக்ஸில் மூட்டை மூடியிருக்கிற மடிப்பு ரப்பர் உறை) எப்படி இருக்குன்னு பாருங்க. கோணம் கூடினா மடிப்பு ஒண்ணோடொண்ணு உரசிக் கிழியும், கிரீஸ் தெறிச்சிருக்கும். ஹெட்லைட்டையும் இறக்கி செட் பண்ணச் சொல்லுங்க.

நீங்களா கீயைக் கழட்டப் போகாதீங்க. பார் முறுக்கு ஏறி நிக்குது, அதுக்குன்னு இருக்கிற டூல் இல்லாம தொட்டா கை போயிடும்.

காயில் ஸ்பிரிங் வண்டிக்காரங்க, 2 இன்ச் ஏத்தணும்னு ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த யூனிட்) தலையில 2 இன்ச் தடிமன் ஸ்பேசர் வைக்க விடாதீங்க. ஸ்ட்ரட் கீழ் ஆர்மோட நடுவுல உட்கார்ற வண்டிகள்ல 1 இன்ச் வச்சாலே வீல்ல சுமார் 2 இன்ச் ஏறிடும்.