ஆன்மிகத் தேடலுக்கு எந்தப் பாட்டு: ஹாரிசனா, யூ2-வா?

ராக் பாட்டில் ஆன்மிகத்தை எங்கிருந்து தேடத் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இரண்டு: பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனின் ‘மை ஸ்வீட் லார்ட்’ (1970), அயர்லாந்து ராக் குழுவான யூ2-வின் ‘ஐ ஸ்டில் ஹேவன்ட் ஃபவுண்ட் வாட் ஐயாம் லுக்கிங் ஃபார்’ (1987).

புரிவது
ஹாரிசன்: சொற்கள் கொஞ்சம்தான். இறைவனைப் பார்க்கும் ஏக்கமே திரும்பத் திரும்ப.
யூ2: பைபிள் மொழி தெரிந்தால் கூடுதலாகத் திறக்கும்.

உள்ளே இருப்பது
ஹாரிசன்: பின்னணிக் குரல்கள் ‘அல்லேலூயா’ என்று தொடங்கி, நாம் கவனிக்கும் முன்பே ‘ஹரே கிருஷ்ணா’வுக்கு நழுவிவிடும். அப்புறம் ‘குரு பிரம்மா, குரு விஷ்ணு’ சுலோகமும் வரும். முதல்முறை அதைக் கேட்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது. இரண்டு சமயங்களுக்கு நடுவே சுவரே இல்லாததுபோல இருந்தது.
யூ2: சிலுவை சுமந்தவரை நம்புகிறேன் என்று சொல்லிவிட்டு, தேடியது இன்னும் கிடைக்கவில்லை என்கிறது. பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் வரும் புலம்பல்களிலும் இதே நேர்மை உண்டு.

திரும்பக் கேட்க
ஹாரிசன்: நாமஜபம் போல.
யூ2: வயது ஏற ஏற வேறு பொருள் தரும்.

மனம் அடங்கி ஒன்ற வேண்டுமா, ஹாரிசன். கேள்வி விடாமல் அரிக்கும் நாட்களில் யூ2. அதிலும் 1988-இல் ‘ராட்டில் அண்ட் ஹம்’ ஆல்பத்தில் காஸ்பல் (கிறிஸ்தவ பக்திப் பாடல்) பாடகர் குழுவோடு பாடிய வடிவத்தைக் கேளுங்கள்.